எளிய மொழியும் எளிய வாசகனும்: 17ஆம் நூற்றாண்டு ஆங்கிலக் குற்றவியல் கையேடுகள்

இங்கிலாந்தில் சட்டம் நெடுங்காலம் இலத்தீனிலும் 'சட்டப் பிரெஞ்சு' எனும் கலப்பு மொழியிலுமே பெரிதும் வழங்கியது. பின்னர் ஆங்கிலத்தில் எழுந்த குற்றவியல் கையேடுகள் சட்டத்தைப் பொதுமக்களிடம் கொண்டு சேர்த்தன எனப் பாராட்டப்படுவதுண்டு. இப்பாராட்டு முற்றும் பொருந்துமா என்பதே நாம் இங்கு எழுப்பும் வினா.

ஃபெர்டினாண்டோ புல்டன் 1609இல் வெளியிட்ட நூலின் தலைப்பு இலத்தீன், உள்ளடக்கம் ஆங்கிலம். கொலை, திருட்டு, கலகம் முதலியவற்றை அது வகைப்படுத்தி விளக்குகிறது. முன்பகையோடு செய்த கொலையும் திடீர்ச் சினத்தில் நேர்ந்த கொலையும் வெவ்வேறு என்பதை ஆங்கிலம் மட்டும் அறிந்தவரும் அதில் படித்தறிய முடிந்தது. இது சிறிய பயனன்று. எனினும், தலைப்பு முன்னிறுத்துவது அரசனின் அமைதியையே. வாசகன் எவற்றைச் செய்யலாகாது என்பதை நூல் விரித்துரைக்கிறது. குற்றம் சாட்டப்பட்டால் தன்னைக் காத்துக்கொள்ளும் வழி அதன் மையப்பொருள் அன்று.

மைக்கேல் டால்டனின் 'நாட்டுப்புற நீதிபதி' (1618) இன்னும் தெளிவான சான்று. முறையான சட்டப்பயிற்சி இல்லாத சமாதான நீதிபதிகளுக்குப் பெருந்துணையாக விளங்கிய நூல் இது. ஐயத்திற்குரியவனின் தொழில், கூட்டாளிகள், வாழ்க்கைமுறை ஆகியவற்றை எவ்வாறு விசாரிப்பது என்று அது கற்பிக்கிறது. எளிய மனிதன் இங்கு வாசகனாக அன்றி, விசாரிக்கப்படும் பொருளாகவே இடம்பெறுகிறான்.

இதற்கு மாறான நிகழ்வொன்று ஈண்டுக் கருதத்தக்கது. 1649 அக்டோபரில் அரசத் துரோகக் குற்றச்சாட்டுக்கு ஆளான ஜான் லில்பர்ன், வழக்கறிஞர் துணையின்றி வாதாடினார். துணி வணிகரிடம் தொழில் பயின்ற அவர், எட்வர்ட் கோக்கின் சட்ட நூலைக் கையிலேந்தி அதிலிருந்து படித்துக் காட்டினார். ஜூரியினர் அவரை விடுவித்தனர். கோக்கின் நூல் எளியோருக்கான கையேடன்று. ஆயினும், எளியோரின் கேடயமாக அந்நூலே பயன்பட்டது.

எனவே, ஒரு நூலை மக்கள் நூல் என மதிப்பிட அதன் மொழி எளிமை மட்டும் போதாது. வாசகனை அது எவ்விடத்தில் நிறுத்துகிறது என்பதும் நோக்கப்பட வேண்டும். நீதிமன்ற ஆவணங்களை ஆங்கிலத்திலேயே அமைக்கப் பணித்த சட்டம் 1733இல் நிலையாக நடைமுறைக்கு வந்தது. பெருங்குற்ற வழக்குகளில் குற்றம் சாட்டப்பட்டோருக்காக வழக்கறிஞர் ஜூரியிடம் முழுமையாக வாதிடும் உரிமையோ 1836இல்தான் கிட்டியது. மொழி கிடைத்ததற்கும் குரல் கிடைத்ததற்கும் இடையே 103 ஆண்டுகள் கழிந்தன.