தீர்ப்புக்குப் பிந்திய படகுப் பயணம்

அஸ்கர் பர்ஹாதியின் 'ஒரு பிரிவு' (2011) என்ற ஈரானியத் திரைப்படம் பெற்ற விருதுகளை இங்கு அடுக்கத் தேவையில்லை. நான் எடுத்துக்கொள்வது அதன் இறுதிக் காட்சியை மட்டும்தான். நாதிரும் சிமினும் நீதிமன்ற நடைக்கூடத்தில் கண்ணாடித் தடுப்பின் இரு பக்கங்களிலும் காத்திருக்கிறார்கள். உள்ளே பதினொரு வயது மகள் தெர்மே, யாரோடு வாழப் போகிறாள் என்பதை நீதிபதியிடம் சொல்ல வேண்டும். அவள் என்ன சொன்னாள் என்று நாம் அறிய முன்னரே எழுத்துகள் ஓடத் தொடங்கிவிடுகின்றன.

இந்த மௌனத்தைப் பலரும் புகழ்ந்தனர். நானும் புகழ்ந்தவன்தான். புத்தளத்தில் என்னோடிருந்து இப்படத்தைப் பார்த்த உறவினர் ஒருவர் மட்டும், "படம் முடிஞ்ச இடத்திலதான் என்ட கதை தொடங்கினது, மச்சான்" என்றார். அவரது குடும்பம் 1990 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்திலிருந்து வெளியேற்றப்பட்டது. விவாகம் முறிந்த பின்னர், போர் ஓய்ந்த காலத்தில், பிள்ளைகளின் உம்மா அவர்களை அழைத்துக்கொண்டு நயினாதீவிலிருந்த தன் உறவினரிடம் போய்விட்டார்.

அவர் சொன்னதிலிருந்து எனக்கு வேறொரு பிரதி நினைவுக்கு வந்தது. அபூதாவூதில் பதிவாகியுள்ள சம்பவம் அது. ஒரு பெண் நபிகளாரிடம் வந்து, அபூ இனபாவின் கிணற்றிலிருந்து தனக்குத் தண்ணீர் கொண்டுவந்து தரும் மகனைக் கணவர் எடுத்துக்கொள்ளப் பார்க்கிறார் என்று முறையிடுகிறாள். விரும்பியவரின் கையைப் பிடிக்குமாறு சிறுவனிடம் சொல்லப்படுகிறது. அவன் உம்மாவின் கையைப் பிடிக்கிறான். அவள் அவனோடு போய்விடுகிறாள். அந்த வாப்பா என்ன செய்தார்? அறிவிப்பு அவரைப் பின்தொடரவில்லை. இரு பெண்களுக்கிடையே சுலைமான் நபி கத்தி கேட்ட வரலாறும் தீர்ப்போடு முடிகிறது. ஹென்றி ஜயசேன 1967இல் 'ஹுணுவட்டயே கதாவ' என்று சிங்கள மேடைக்குக் கொண்டுவந்த பிரெக்டின் நாடகத்திலும் கதை அவிழும் இடம் சுண்ணாம்பு வட்டம்தான். பிள்ளை யாருக்கு என்பதே இவற்றின் கேள்வி. மற்றவர் பிள்ளையை எப்படிப் பார்ப்பது என்பது கேட்கப்படுவதில்லை. ஈரானிய சிவில் சட்டத்தின் 1174ஆம் பிரிவு அந்த உரிமையை வெளிப்படையாகவே தருகிறது. பர்ஹாதி அதைத் தொடவில்லை.

பிக்ஹு நூலாசிரியர்கள் இவ்விடயத்தில் கதாசிரியரைவிட நுணுக்கமானவர்கள். எமது ஷாபிஈ மத்ஹபின் 'மின்ஹாஜ்' நூலில் இமாம் நவவி, மகன் உம்மாவைத் தெரிந்தால் இரவில் அவரிடமும், பகலில் கல்விக்கும் பயிற்சிக்குமாக வாப்பாவிடமும் இருப்பான் என்கிறார். வாப்பாவைத் தெரிந்தால் உம்மாவைச் சென்று பார்ப்பதை வாப்பா தடுக்கக் கூடாது. இரண்டு வீடுகளுக்கும் நடுவே ஒரு தெரு மட்டும் இருக்கும் ஊரைக் கற்பனை செய்த வசனங்கள் இவை. நடுவில் கடல் இருந்தால்?

உறவினரோடு ஒருமுறை நானும் போனேன். புத்தளத்திலிருந்து இரவு பஸ், யாழ்ப்பாணத்திலிருந்து வேலணை, புங்குடுதீவு வழியாகக் குறிகட்டுவான், அங்கிருந்து படகு. நெடுந்தீவுக்காரரோடு ஒப்பிட்டால் எங்களுடையது சிறிய கடல்தான். அவர்களுக்குக் காற்றுக் காலத்தில் நாட்கணக்கில் வழி அடைபடும். படகில் அம்மனுக்கும் விகாரைக்கும் போகும் யாத்திரிகர்கள். உறவினரின் மடியில் ஒரு சோடி பாதணி, அளவு தெரியாமல் வாங்கியது. வீட்டுக் கதவு திறக்கவில்லை. உள்ளே பிள்ளையின் குரல் கேட்டது. கடைசிப் படகுக்கு நேரமானதும் திரும்பினோம்.

சட்டம் என்ன செய்யும் என்று விசாரித்தபோதுதான் விடயம் விளங்கியது. 1951ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டம் பிள்ளைத் தாபரிப்பைத் தீர்மானிக்கும் அதிகாரத்தைக் காதிக்குத் தருகிறது. தாபரிப்புக் கட்டளை மீறப்பட்டால் நீதவான் நீதிமன்றம் அதைத் தண்டப்பணம் போல அறவிடும். ஆனால் பிள்ளை யாரிடம் இருப்பது, யார் பார்ப்பது என்பவை காதியின் கையில் இல்லை. மாவட்ட நீதிமன்றத்துக்குப் போக வேண்டும், இல்லையேல் மேன்முறையீட்டு நீதிமன்றத்திலோ மாகாண மேல் நீதிமன்றத்திலோ ஆட்கொணர்வு மனு.

ஆட்கொணர்வு மனு! வடக்கில் இச்சொல்லைக் கேட்டால் மனதில் தோன்றுவது வேறு தாய்மார். 2009 மேயில் சரணடைந்தோரைத் தேடி 2013இல் வவுனியா மேல் நீதிமன்றம் சென்றவர்கள் அவர்கள். அதே மனுவைக் கையில் வைத்துக்கொண்டு, உயிரோடிருக்கும் தன் மகனை அடுத்த தீவிலிருந்து கொண்டுவரக் கேட்பதற்கு உறவினர் கூசினார். கேட்டு, கட்டளை கிடைத்து, அதுவும் மீறப்பட்டால் நீதிமன்ற அவமதிப்பு. உம்மாவைச் சிறைக்கு அனுப்பிய வாப்பாவை எந்தப் பிள்ளை ஓடிவந்து கட்டிக்கொள்ளும்?

இதை வாப்பாமாரின் முறைப்பாடாக மட்டும் வாசகர் கொள்ளக் கூடாது. திரும்பும் படகில்தான் அவர் சொன்னார், எட்டு மாதமாகத் தாபரிப்பு அனுப்பவில்லை என்று. "பார்க்க விடாததாலதான் அனுப்பல்ல" என்றார். அனுப்பாததால்தான் விடவில்லை என்று உள்ளே இருந்தவர் சொல்லியிருப்பார். அடி வாங்கிய பெண் கதவைத் தாழிடுவது வேறு விடயம். அங்கே தாழ்ப்பாள் பிள்ளைக்கும் காவல். எது எந்தக் கதவு என்பதைப் பிரித்தறியும் பொறுப்பை, விவாகச் சட்டத் திருத்தம் பற்றிய எமது வாதங்களில் நான் பெரிதாகக் காணவில்லை. நீதியரசர் சலீம் மர்சூப் குழு 2009இல் நியமிக்கப்பட்டு 2018இல் அறிக்கை தந்தது. அதையொட்டி நாம் விவாக வயது பற்றியும் பெண் காதிகள் பற்றியும் மோதிக்கொண்டோம். மோதியது அவசியம்தான். ஞாயிற்றுக்கிழமைப் பிள்ளை அதற்குள் மறந்துபோயிற்று.

எமது சிறுகதைகளிலும் தலாக் உண்டு, தனித்த உம்மா உண்டு, ஓடிப்போன வாப்பாவும் உண்டு. வந்து நின்று திரும்பும் வாப்பாவையும், உள்ளிருந்து குரல் கொடுத்த பிள்ளையையும் ஒரே கதைக்குள் வைத்தவர் எவரையும் நான் இன்னும் வாசிக்கவில்லை. பர்ஹாதி கண்ணாடித் தடுப்புவரை கொண்டுவந்து விட்டிருக்கிறார். குறிகட்டுவானில் இறங்கியபோது உறவினர் பாதணிகளைக் கடலில் எறியவில்லை, பையிலேயே வைத்துக்கொண்டார். அடுத்த முறைக்கு அவை சிறிதாகிவிடும் என்று நான் சொல்லவில்லை.