ஐயமும் அக்கறையும்

அமெரிக்காவின் ஃபாக்ஸ் தொலைக்காட்சியில் 2004 முதல் 2012 வரை ஒளிபரப்பான 'ஹவுஸ்' தொடரின் நாயகன் மருத்துவன். எனினும் நோயாளியின் முகம் காண விரும்பாதவன். மனிதர் யாவரும் பொய்யர் என்பதே அவன் சித்தாந்தம்.

2006இல் வெளியான ஒரு கதையில், கணவன் மூச்சுத் திணறிக் கிடக்க, மனைவி அருகிருந்து கலங்குகிறாள். வழக்கமான சோதனைகளில் நஞ்சு அகப்படவில்லை. மூட்டுவாதத்துக்குத் தரப்படும் தங்க உப்பை அவளே இரகசியமாக ஊட்டி வந்தது பின்னரே வெளிப்படுகிறது. ஹவுஸின் ஐயம் வெல்கிறது. ஆனால் உயிர் பிழைத்தவன் அந்தத் துரோகத்தோடு எவ்வாறு வாழ்வான்? தொடர் அங்கே தங்குவதில்லை. அடுத்த புதிரைத் தேடிப் போய்விடுகிறது.

ஐயமே உண்மைக்கு ஒரே வழியோ? 2012இல் ஜெர்மனியின் மார்பர்க் நகருக்கு, இதயம் தளர்ந்து, செவியும் பார்வையும் மங்கிய 55 வயது மனிதர் ஒருவர் வந்தார். இத்தொடரைக் கொண்டே மாணவருக்குப் பாடம் நடத்தி வந்த பேராசிரியர் யூர்கன் ஷேஃபர், 2011இல் வெளியான ஒரு கதையை நினைவுகூர்ந்தார். தேய்ந்துபோன செயற்கை இடுப்பு மூட்டிலிருந்து கசிந்த கோபால்ட்டே நஞ்சு. 2014இல் 'லான்செட்' இதழ் இதனை வெளியிட்டது. மூட்டை மாற்றியபின் இதயம் ஓரளவு தேறியது. செவியும் பார்வையும் பெரிதும் மீளவில்லை.

அங்கே எவரும் பொய் சொல்லவில்லை. பழைய அறுவை சிகிச்சையை அக்கறையோடு எண்ணிப் பார்க்க ஒருவர் வேண்டியிருந்தது. அவர் வரும்வரை காலம் கடந்துவிட்டது. புதிரைக் கற்பிக்கும் தொடர், இந்த அக்கறையையும் கற்பித்திருந்தால் இன்னும் உயர்ந்திருக்கும்.