மச்சம் எங்கே போயிற்று?

கலியாணப் படம் எடுக்கும் தொழிலில் புதிதாக இறங்கியிருக்கும் ஒரு பையன் போன மாதம் என்னைப் பார்க்க வந்தான். என் தமக்கையின் பேரன். லாப்டாப்பை என் மேஜைமேல் வைத்து, "முதல் கலியாணத்தை முடித்துவிட்டேன், தாத்தா. பார்த்து ஓர் அபிப்பிராயம் சொல்ல வேண்டும்" என்றான். அவன் சொன்னது படம் பிடித்த கலியாணத்தை. அவனுக்கு இன்னும் ஆகவில்லை.

நாவல் எழுதுகிறவனிடம் போய்ப் போட்டோவைப் பற்றி என்ன அபிப்பிராயம் கேட்பது என்று நீங்கள் நினைக்கலாம். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் மனித முகங்களைப் பார்ப்பதும், பார்த்ததை நாலு பேருக்குச் சொல்வதும்தானே என் பிழைப்பும்? கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன்.

கூட்டத்தில் எடுத்த படங்கள் நன்றாகவே இருந்தன. நாதஸ்வரக்காரரின் உப்பிய கன்னம், முதல் பந்திக்கு இடம் பார்த்துக்கொண்டிருக்கும் பெரியவர், தாலி முடிச்சு விழும்போது கண்ணைத் துடைத்துக்கொள்ளும் தகப்பனார், எல்லாம் உயிரோடு இருந்தன. மணப்பெண்ணைத் தனியே உட்கார வைத்து எடுத்த படத்தில்தான் பையன் தன் கைவரிசையைக் காட்டியிருந்தான். முகம் சந்தன நிறத்தில் பளபளத்தது. கன்னத்தில் ஒரு ரேகை இல்லை, ஒரு பூனை மயிர் இல்லை. மெழுகில் வார்த்தது போல் இருந்தது. சரி, இப்படியும் ஒரு பெண் இருக்கக்கூடும் என்று எண்ணிக்கொண்டு கண்ணைக் கீழே இறக்கினேன். மடியில் கோத்திருந்த கைகள் நல்ல கறுப்பு. ஜிமிக்கி தொங்கிய காது மடலும் அதே கறுப்பு.

"இந்தப் படத்தில் எத்தனை பெண்கள் இருக்கிறார்கள்?" என்று கேட்டேன்.

பையன் புத்திசாலி, புரிந்துகொண்டான். "பெண்ணின் அம்மாவே கேட்டார்கள், தாத்தா. 'கொஞ்சம் கலராக்கிக் கொடு, தம்பி' என்றார்கள்."

இதில் அவனை மட்டும் குற்றம் சொல்லிப் பயனில்லை. இந்தத் திருத்தும் வேலை மிகப் பழையது. 1855-ஆம் வருஷம் பாரிஸில் நடந்த உலகக் கண்காட்சியில், மியூனிக் நகரத்து ஃபிரான்ஸ் ஹான்ஃப்ஸ்டாங்கல் என்பவர் ஒரே முகத்தின் இரண்டு படங்களை வைத்தார். ஒன்று திருத்தாதது, மற்றது திருத்தியது. ஜனங்கள் கூடி நின்று அதிசயித்தார்கள். எந்தப் படத்தைக் கண்டு அதிசயித்தார்கள் என்று சொல்லத் தேவையில்லை.

அந்த நாளில் திருத்துவதற்கு ஒரு நியாயமும் இருந்தது. அக்காலத்துக் கண்ணாடித் தகட்டுக்குச் சிவப்பு தெரியாது. சிவப்பாக இருப்பதெல்லாம் படத்தில் கறுப்பாக விழும். குங்குமம் கரிப்பொட்டாகும், லேசாகச் சிவந்த பரு பெரிய வடுவாகிவிடும். ஆகவே டச்சிங் செய்கிறவர் நெகடிவைச் சாய்வு மேஜையில் வைத்து, பின்புறமிருந்து வெளிச்சம் வரச் செய்து, ஊசியாகச் சீவிய பென்சிலால் புள்ளி புள்ளியாகத் தொடுவார். நெகடிவில் பென்சில் பட்ட இடம் படத்தில் வெளுக்கும். கத்தியால் சுரண்டிய இடம் கறுக்கும். அவர் திருத்தியது முகத்தை அல்ல, தகடு சொன்ன பொய்யை. எல்லா நிறங்களையும் உணரும் தகடு 1906-ல் விற்பனைக்கு வந்தது. பொய் போயிற்று, பென்சில் போகவில்லை.

கலர் பிலிம் வந்த பிறகு வேறொரு கோணல். கோடக் கம்பெனி, நிறம் சரியாக இருக்கிறதா என்று ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக லாப்களுக்கு ஒரு மாதிரிப் படம் அனுப்பியது. 'ஷர்லி' என்று பெயர் பெற்ற அந்தப் படத்தில் இருந்தவள் ஒரு வெள்ளைக்காரப் பெண். அவள் தோல் சரியாக வந்தால் எல்லாம் சரி என்று கணக்கு. நம் வீட்டுப் பெண்களின் தோல் அந்தக் கணக்கில் எங்கே இருந்தது? 1990-ல் போட்டோஷாப் வந்தது. 2002-ல் தழும்பைத் தடவினால் மறைந்துபோகும் ஹீலிங் பிரஷ்ஷும் அதில் சேர்ந்தது. பென்சில் பிடித்தவருக்காவது கை வலிக்கும். ஓர் அளவில் நிறுத்துவார். இப்போது நிறுத்தச் சொல்லும் அந்த வலியும் இல்லை.

பையனிடம் எங்கள் வீட்டுக் கூடத்துப் படத்தைக் காட்டினேன். 1946-ல், கலியாணமான கையோடு என் தகப்பனாரும் தாயாரும் ஒரு ஸ்டூடியோவில் எடுத்துக்கொண்டது. என் தாயாரின் படம் என்று உலகத்தில் இருப்பது அது ஒன்றுதான். அவள் உதட்டுக்கு மேலே மிளகு அளவில் ஒரு மச்சம் உண்டு. டச்சிங்காரர் தூசி என்று நினைத்தாரோ, குறை என்று நினைத்தாரோ, அதை எடுத்துவிட்டார். "மச்சத்துக்கும் சேர்த்துத்தானே காசு கொடுத்தோம்?" என்று அவள் கேலி செய்ததாக அப்பா சொல்வார். எனக்கு ஒன்பது வயதாகும்போது அவள் போய்விட்டாள். சென்ற வருஷம் மச்சம் இடப்பக்கமா, வலப்பக்கமா என்று எனக்கும் தமக்கைக்கும் வாக்குவாதம் வந்தது. எழுபது வயதைத் தாண்டிய இரண்டு பேர், படத்தடியில் நின்றுகொண்டு! நான் வலப்பக்கம் என்று அடித்துச் சொன்னேன். இராத்திரி படுத்தபின் யோசித்தால் எனக்கே நிச்சயமாக இல்லை.

திருத்தவே கூடாது என்று நான் சொல்லவில்லை. என் கையெழுத்துப் பிரதியில் பிழை திருத்துகிறவரை நான் கும்பிடுகிறேன். கதாநாயகியை மாற்றினால் சண்டைக்குப் போகிறேன். அவ்வளவுதான் வித்தியாசம். பதினைந்து நாளில் தானாக மறையக்கூடியது எதுவோ அதை எடுக்கலாம்: பரு, நெற்றி வியர்வையின் பளபளப்பு, ஹோமப் புகையில் சிவந்த கண், முகத்தில் விழுந்த மயிரிழை. தூங்காத கண்ணின் கருவளையத்தைப் பாதி குறைக்கலாம். முழுக்க எடுத்தால் கண் பொம்மைக் கண்ணாகிவிடும். அடுத்த வருஷமும் கூடவே இருக்கப்போகிற மச்சம், தழும்பு, நிறம் இவற்றைத் தொடக்கூடாது.

வெளுப்பு விஷயத்தில் பையனே ஓர் உண்மையைச் சொன்னான். பின்னால் வெள்ளைப் பூ ஜோடனையும் பளீரென்ற விளக்குகளும் இருந்ததால், காமிரா மொத்த வெளிச்சத்தையும் குறைத்துக்கொண்டதாம். அதனால் பெண்ணின் முகம் இருண்டு விழுந்திருக்கிறது. அப்படியானால் கேட்ட தாயாருக்கு வேண்டியது வெளிச்சம்தானே? முகம், கழுத்து, காது, கை நான்குக்கும் ஒரே அளவாக அதைக் கொடுத்தால் போயிற்று. விளக்கின் ஊதாவையும் மோவாயில் விழுந்த கூறைப்புடவைச் சிவப்பையும் முதலில் நீக்கிவிட வேண்டும். அடுத்த தடவை அதே வெளிச்சத்தில் ஒரு சாம்பல் அட்டையையும் படம் பிடித்துக்கொண்டால் நிறத்துக்கு அதுவே சாட்சி. மூலப்படத்தைத் தொடாமல் தனி லேயரில் வேலை செய்வதும், பூதாகரமாகப் பெரிதாக்கிப் பார்ப்பதை விட்டு ஆல்பத்தின் அளவில் பார்ப்பதும், ஓர் இராத்திரி தூங்கி எழுந்து மறுபடி பார்ப்பதும் நல்லது.

ஒரு வாரம் கழித்துப் புதுப் படத்தோடு வந்தான். முகமும் கையும் ஒரே பெண்ணுடையவையாக இருந்தன. கறுப்புத்தான், ஆனால் கன்னத்தில் வெளிச்சம் தங்கியிருந்தது.

"பெண்ணின் அம்மா என்ன சொன்னார்கள்?" என்று கேட்டேன்.

"ஒன்றும் சொல்லவில்லை, தாத்தா. அந்தப் பெண்தான், பழைய படத்தை அழித்துவிட்டீர்களா என்று இரண்டு தரம் கேட்டார்."