மொழி போன பிறகு மீன்

அமெரிக்காவில் மினியாபோலிஸ் நகரத்தில் 1933-ல் ஒரு மதியச் சாப்பாட்டுச் சங்கம் ஆரம்பித்தார்கள். பேர் 'தோர்ஸ்கெ க்ளுப்பன்', அதாவது காட் மீன் சங்கம். (சின்ன வயசில் நம்மை விரட்டிப் பிடித்துக் குடிக்க வைத்த காட் லிவர் ஆயில், இந்த மீனோடதுதான்.) நார்வே வம்சாவளி ஆண்கள் மாதம் ஒரு தடவை கூடி, வேகவைத்த காட், உருளைக்கிழங்கு, உருக்கின வெண்ணெய் சாப்பிடுவார்கள். நார்வே பேச்சுவழக்கில் தோர்ஸ்க் என்றால் மடையன் என்றும் ஒரு அர்த்தம் உண்டு. எனக்கு இந்தப் பேர் ரொம்பப் பிடிக்கும்.

பிடிக்காதது, இந்த மாதிரி சங்கங்களின் தொடக்கத்தைச் சொல்லும் விதம். "முன்னோர் மரபைக் காப்பாற்றத் தொடங்கினோம்" என்பார்கள். வருஷங்களை வரிசையாக வைத்துப் பாருங்க, கதை வேற மாதிரி தெரியும்.

1895-ல் இதே மினியாபோலிஸில் 'சன்ஸ் ஆஃப் நார்வே' தொடங்கியது. அப்போது பிரச்சினை மரபு இல்லை, பணம். நோயோ சாவோ வந்தால் குடும்பம் தெருவுக்கு வரக்கூடாதுன்னு ஆளாளுக்குக் காசு போட்டுச் சேர்ந்தார்கள். 1899-ல் வால்ட்ரெஸ் பள்ளத்தாக்குக்காரர்கள் இங்கே ஒரு பூங்காவில் கூடினார்கள். ஒரே ஊர்ப்பக்கம், ஒரே வட்டார வழக்கு. அதைப் பார்த்து மற்ற வட்டாரத்துக்காரர்களும் சங்கம் வைத்தார்கள். அப்புறம் முதல் உலகப்போர். 1918-ல் பக்கத்து மாநிலமான அயோவாவின் ஆளுநர், பள்ளி, தேவாலயம், டெலிபோன் எங்கேயும் ஆங்கிலம் தவிர வேறு மொழி பேசக்கூடாதுன்னு அறிவிப்பு போட்டார். 1924-ல் வந்த குடியேற்றச் சட்டம் புதுசா வருகிறவர்களின் எண்ணிக்கையைச் சுருக்கியது. ஊரிலிருந்து மொழியோடு வந்து இறங்குகிற ஆட்கள் குறைந்துபோனார்கள்.

இதற்கெல்லாம் பிறகுதான் 1933, பெருமந்தத்தின் நடுவில், தட்டில் மீன். காப்பீடு, வட்டார வழக்கு, கடைசியில் சாப்பாடு. இதைக் காப்பாற்றியது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கையில் மிச்சம் இருந்ததை எடுத்து மேசையில் வைத்தார்கள்.

அந்த மேசையும் நார்வேயுடையது இல்லை. நார்வே கிராமங்களில் மதியம் சூடாகச் சாப்பிட்டவர்கள் உண்டு, ஆனால் வீட்டில், குடும்பத்தோடு. ஊர்ப் பெரிய மனுஷர்கள் மதியம் ஓட்டலில் கூடி, சாப்பிட்டு, பேச்சு கேட்டுக் கலைகிற பழக்கம் ரோட்டரி போட்ட பாதை, 1905-ல் சிகாகோவில் தொடங்கியது. எங்கள் தொழில் பாஷையில் சொன்னால், திரையில் தெரிவது நார்வே, அடியில் ஓடுகிற ஓஎஸ் அமெரிக்கா.

இந்த இடத்தில் எனக்கு ரோல்வோக் ஞாபகம் வருகிறார். இந்தக் குடியேறிகளைப் பற்றி 'ஜயண்ட்ஸ் இன் த எர்த்' நாவல் எழுதியவர். இளவயதில் லோஃபோட்டன் கடலில் இதே காட் மீனைப் பிடித்தவர். 1893 புயலில் கூடத் தொழில் செய்தவர்கள் பலர் செத்தார்கள். முதலாளி சொந்தப் படகு வாங்கித் தருகிறேன் என்றும் கேட்காமல் 1896-ல் அமெரிக்காவுக்குக் கிளம்பிவிட்டார். அப்புறம் மினசோட்டாவின் செயின்ட் ஓலாஃப் கல்லூரியில் நார்வே மொழி கற்பித்தார். மொழி போனால் எல்லாம் போச்சு என்பதுதான் அவர் கட்சி. 1931-ல் இறந்தார். எதை விட்டு ஓடி வந்தாரோ அந்த மீன், இரண்டு வருஷம் கழித்து மரபாகிவிட்டது. அலையில் நனைந்து தூண்டில் போட்டவனுக்கு அது பிழைப்பு. கண்டத்தின் நடுவில் உட்கார்ந்து வெண்ணெய் ஊற்றிச் சாப்பிடுகிறவனுக்குத்தான் அது பாரம்பரியம்.

வீட்டில் அந்த மீனைச் சமைத்த பெண்களுக்கு மேசையில் இடம் இல்லை என்பதையும் சொல்லணும். வெகுகாலம் கழித்து அதே நகரத்துப் பெண்கள் தனிச் சங்கம் வைத்தார்கள். பேர் 'லாக்ஸெலாகெ', சால்மன் மீன் கூட்டம்! பதிலடி கொடுத்தால் இப்படிக் கொடுக்கணும்.

ஆனால் என் வாதத்தில் ஒரு ஓட்டை இருக்கு. அயோவாவில் 1874 முதல் நார்வே மொழியில் வந்த 'டெக்கோரா போஸ்டன்' பத்திரிகை 1972-ல் நின்றுபோனது. ரோல்வோக் சொன்னபடி பார்த்தால் அதோடு எல்லாமே முடிந்திருக்கணும். காட் மீன் சங்கம் அதற்கப்புறமும் கூடிக்கொண்டுதான் இருந்தது.