கேம் ஓவர் என்றொரு மரியாதை

உங்கள் செல்போனில் இப்போது என்ன கேம் இருக்கிறது? சும்மா சொல்லுங்கள், வெளியே விட மாட்டேன். 'அதெல்லாம் நம்ம பையன் ஆடுவான் சார், எனக்கேது நேரம்?' என்று சொல்கிறவர்களையும் எனக்குத் தெரியும். பல் டாக்டர் கிளினிக்கில் டோக்கன் வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போது அவர்கள் விரல் என்ன செய்கிறது என்று எட்டிப் பார்த்தால், மும்முரமாக மிட்டாய் அடுக்கிக்கொண்டிருக்கும். கேட்டால், 'இதெல்லாம் கேமா? சும்மா டைம் பாஸ்!'

சினிமாவுக்கு விமர்சனம் எழுதுகிறோம். சீரியலைத் திட்டுகிறோம். ஓட்டல் சாம்பாருக்குக்கூட இப்போது ஸ்டார் போட்டாகிறது. தினமும் நம் உள்ளங்கையிலேயே குடித்தனம் நடத்துகிற இந்தச் சமாசாரத்துக்கு மட்டும் விமர்சனம் கிடையாது. குழந்தைகள் விவகாரம் என்று ஒதுக்கிவிட்டோம். இந்த வாரம் அந்தக் குறையைக் கொஞ்சம் தீர்க்கலாம் என்று உத்தேசம்.

எல்லா கேம்களையும் ஒரே தராசில் நிறுத்தப் போகிறேன். படம் எத்தனை அழகு, சத்தம் எத்தனை சுத்தம் என்பதெல்லாம் அப்புறம். முதல் கேள்வி, இந்த ஆட்டம் எப்படி முடிகிறது?

முதலில் நம் பழைய சிநேகிதர், பாம்பார்.

1997-ல் நோக்கியா 6110 என்ற போனில் ஸ்நேக் வந்தது. எழுதியவர் டனெலி அர்மான்டோ என்கிற ஃபின்லாந்து இன்ஜினீயர். நம்மூரில் அது சக்கைப்போடு போட்டது 2000-க்கு அப்புறம், 3310, 1100 மாதிரி போன்களில். கறுப்புப் புள்ளிகளால் ஆன ஒரு கோடு. எதிரே ஓர் இரை. தின்றால் உடம்பு ஒரு புள்ளி நீளும். சுவரிலோ சொந்த உடம்பிலோ முட்டினால் காலி. அவ்வளவுதான் கதை.

இந்தக் கதையில் வில்லனே கிடையாது, கவனித்திருக்கிறீர்களா? பாம்புக்கு எமன் அதன் தீனிதான். எவ்வளவு சாப்பிட்டதோ, அவ்வளவு இடைஞ்சல். ஊருக்கு ஊர் கிளை திறந்து, கடைசியில் தன் கடனிலேயே முட்டிக்கொண்டு நின்ற வியாபாரங்களைப் பற்றி எங்களுக்கு பி.காம்.-ல் மூன்று வருஷம் பாடம் நடத்தினார்கள். பாம்பு அதை மூன்று நிமிஷத்தில் நடத்திவிடும்.

அடுத்து டெட்ரிஸ். 1984-ல் மாஸ்கோவில், சோவியத் அறிவியல் கழகத்தின் கம்ப்யூட்டர் சென்டரில் வேலை பார்த்த அலெக்ஸி பஜித்னோவ் உருவாக்கியது. மேலேயிருந்து கட்டைகள் விழும். இடைவெளி இல்லாமல் அடுக்கினால் அந்த வரிசை மறைந்துவிடும். சரியாகச் செய்ததெல்லாம் காணாமல் போகும், தப்பாகச் செய்தது மட்டும் கண்ணெதிரே நிற்கும். ஆபீஸில் வேலை பார்க்கிற யாருக்கும் இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. கட்டைகள் கூரையைத் தொட்டால் ஆட்டம் முடிந்தது.

நின்டெண்டோ கம்பெனியின் பழைய டெட்ரிஸில் மனுஷனால் கேமை ஜெயிக்க முடியாது, கேம்தான் மனுஷனை ஜெயிக்கும் என்று முப்பது வருஷத்துக்கு மேல் நம்பிக்கொண்டிருந்தார்கள். 2023 டிசம்பரில் அமெரிக்காவில் ஒரு 13 வயதுப் பையன் 157-வது லெவல் வரை போனான். மேற்கொண்டு தாங்க முடியாமல் கேம் அப்படியே உறைந்து நின்றுவிட்டது. பையன் தலையில் கை வைத்துக்கொண்டு திக்குமுக்காடிப் போனான். நியாயம்தானே? அத்தனை வருஷமும் எல்லோரையும் முடித்துவைத்த ஆட்டத்தை முதல்முறையாக ஒருவன் முடித்துவைத்திருக்கிறான்.

இந்த இரண்டுக்கும் பொதுவாக ஒரு விஷயம் உண்டு. 'கேம் ஓவர்' என்று ஓர் அறிவிப்பு வரும். அந்தக் காலத்தில் அதைப் பார்த்தால் எரிச்சல் வரும். இப்போது யோசித்தால் அது ஒரு மரியாதை என்று தோன்றுகிறது. 'ஆடினாய், சந்தோஷம். நான் என் வேலையை முடித்துவிட்டேன். இன்னொரு தடவை ஆடுவதும் எழுந்து போவதும் உன் பாடு' என்று சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொள்கிற மரியாதை.

பழைய வீடியோ கேம் பார்லர்காரர் மட்டும் தர்மவானா என்று கேட்பீர்கள். இல்லைதான். காசு போட்டால் ஆட்டம், செத்தால் இன்னொரு காசு. பேராசை அங்கேயும் உண்டு. ஆனால் கணக்கு வெளிப்படை. பையில் சில்லறை தீர்ந்தால் வீட்டுக்கு நடையைக் கட்ட வேண்டியதுதான்.

இப்போது மிட்டாய்க்கு வருவோம்.

கேண்டி க்ரஷ் சாகா 2012-ல் வந்தது. ஏப்ரலில் ஃபேஸ்புக்கில், நவம்பரில் செல்போனில். கம்பெனியின் பெயர் கிங். உள்ளதைச் சொல்ல வேண்டும், கைவேலை அபாரம். மூன்று மிட்டாய் சேர்ந்தால் மறைகிறது. மேலே இருப்பவை சரிந்து விழுந்து, நீங்கள் ஒன்றும் செய்யாமலே இன்னும் நாலைந்து மறைகின்றன. உடனே ஒரு கட்டைக் குரல் 'ஸ்வீட்!' 'டிவைன்!' என்று பாராட்டுகிறது. இருபது வருஷமாக மேனேஜரிடம் ஒரு 'குட்' வாங்காத மனுஷனுக்கு இது எப்பேர்ப்பட்ட ஒத்தடம்!

விலை? இலவசம். இங்கேதான் காமர்ஸ் படித்த மூளைக்குத் தூக்கம் கலைகிறது.

உங்களுக்கு ஐந்து உயிர். ஒரு லெவலில் தோற்றால் ஓர் உயிர் போச்சு. போன உயிர் திரும்ப அரை மணி நேரம் ஆகும். ஐந்தும் போய்விட்டால் எல்லாம் நிரம்ப இரண்டரை மணி நேரம். அதுவரை காத்திருக்கலாம், சிநேகிதர்களிடம் உயிர்ப்பிச்சை கேட்கலாம். அல்லது காசு கொடுக்கலாம். இன்னொரு வழியும் வைத்திருக்கிறார்கள். ஒரே ஒரு மிட்டாயில் லெவல் தவறிப்போய் நீங்கள் 'அடச்சே' என்று உச்சுக்கொட்டுகிற அதே நொடியில், 'இன்னும் ஐந்து நகர்த்தல் வேண்டுமா?' என்று தங்கக்கட்டி கேட்பார்கள். தங்கக்கட்டி வாங்க நிஜப் பணம்.

காஸ்ட் அக்கவுண்டிங்கில் 'ஐடில் டைம்' என்று ஒரு பாடம் உண்டு. மெஷின் ரிப்பேர், கரண்ட் கட், சரக்கு வரவில்லை. தொழிலாளி சும்மா உட்கார்ந்திருக்கிறான், கூலி மட்டும் ஓடுகிறது. இந்த வெட்டி நேரத்தை எப்படிக் குறைப்பது என்று முதலாளிமார் மண்டையைப் பிய்த்துக்கொள்வார்கள். மிட்டாய்க் கம்பெனி அந்தப் பாடத்தைத் தலைகீழாகப் படித்திருக்கிறது. வெட்டி நேரத்தைத் தானே தயாரித்து உங்கள் தலையில் கட்டுகிறது. பிறகு அதை நீக்கித் தருவதற்கு விலை சொல்கிறது. கதவைப் பூட்டிவிட்டுச் சாவி விற்கிற வியாபாரம்!

'அரை மணி நேரம் நிறுத்துகிறதே, அது நல்லதுதானே?' என்று ஒரு கேள்வி வரலாம். ஓட்டலில் 'சாப்பாடு தீர்ந்துபோச்சு சார்' என்றால் நாம் வேறு வேலை பார்க்கப் போய்விடுவோம். 'இலை போட்டாச்சு, சாதம் வடிய அரை மணி ஆகும்' என்றால் எழுந்திருக்கவும் முடியாது, சாப்பிடவும் முடியாது. அரை மணி நேரம் போனதும் 'உயிர் வந்தாச்சு, வாங்க' என்று போன் மணியடித்துக் கூப்பிடும். இது முடிவு இல்லை சார், அரிப்பு.

சரி, கடைசி லெவல் வரை போய்விட்டால்? லெவல்கள் பத்தாயிரத்தைத் தாண்டி வெகு நாளாயிற்று. புதிது புதிதாகச் சேர்த்துக்கொண்டேயும் இருக்கிறார்கள். வடை தீரத் தீரச் சுட்டுப் போடுகிற இடத்தில் யார் கையைக் கழுவுவார்கள்?

பலன் என்ன? 2023-ல், அதுவரை மொத்த வசூல் 2,000 கோடி டாலரைத் தாண்டிவிட்டதாக கிங் அறிவித்தது. 2016-ல் ஆக்டிவிஷன் ப்ளிஸார்ட் 590 கோடி டாலருக்கு கிங்கை வாங்கியது. 2023-ல் ஆக்டிவிஷனையே மைக்ரோசாஃப்ட் வாங்கிவிட்டது. பாம்பார் குடியிருந்த நோக்கியாவின் போன் தொழிலை 2014-ல் வாங்கியதும் இதே மைக்ரோசாஃப்ட்தான். அதே வருஷம் நம் ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா தொழிற்சாலை மூடப்பட்டது, ஞாபகம் இருக்கும். பாம்பு கைக்கு வந்து பிழைக்கவில்லை, மிட்டாய் கொழிக்கிறது. வியாபாரத்தில் எது ஜெயித்தது என்று இதற்கு மேல் சொல்ல வேண்டியதில்லை.

2019-ல் பிரிட்டிஷ் எம்.பி.க்கள் குழு ஒன்று கிங் கம்பெனி அதிகாரியைக் கூப்பிட்டுக் கேள்வி கேட்டது. அப்போது 27 கோடிப் பேர் கம்பெனியின் கேம்களை ஆடிக்கொண்டிருந்தார்கள். அவர்களில் 92 லட்சம் பேர் தினமும் மூன்று மணி நேரமோ அதற்கு மேலோ ஆடுகிறார்கள் என்றார் அவர். நூற்றுக்கு மூன்று நான்கு பேர்தான், சின்ன சதவீதம் என்பது கம்பெனி வாதம். கணக்குப் படித்தவனாகச் சொல்கிறேன், சதவீதம் சின்னதாகத் தெரிந்தால் எண்ணிக்கையைப் பாருங்கள். 92 லட்சம் என்பது ஒரு பெரிய நகரத்தின் ஜனத்தொகை.

மீதிப்பேர் பத்து நிமிஷம் ஆடிவிட்டுப் போகிறார்கள் என்பதையும் மறைக்கக் கூடாது. நாள் முழுக்க உழைத்துவிட்டு, தாம்பரம் ரயிலில் லேடீஸ் கம்பார்ட்மென்ட்டில் ஸீட் கிடைத்த ஒரு சகோதரி பல்லாவரம் வரும்வரை மிட்டாய் அடுக்கினால் எனக்கென்ன வலிக்கிறது? ஒன்றும் இல்லை. ஆடுகிறவர் மேல் புகார் கிடையாது. பல்லாவரம் வந்தபிறகும் அவரை இறங்கவிடக் கூடாது என்று திட்டம் போட்டு அதை வரைந்தார்களே, புகார் அங்கேதான்.

வேறு மாதிரி செய்ய முடியுமா என்றால், செய்து காட்டியிருக்கிறார்கள். வியட்நாமில் டாங் நுயென் என்ற இளைஞர் 2013-ல் ஃப்ளாப்பி பேர்ட் என்ற குருவி கேமை வெளியிட்டார். 2014 ஜனவரியில் அது உலகம் முழுக்கப் பற்றிக்கொண்டது. விளம்பரத்தில் மட்டும் தினம் 50,000 டாலர் வருவதாகச் செய்தி வந்தது. பிப்ரவரியில் மனுஷர் கேமையே கடையிலிருந்து எடுத்துவிட்டார். ஓய்வாக இருக்கும்போது சில நிமிஷம் ஆடுவதற்காகச் செய்தேன், அது ஜனங்களைப் பிடித்து ஆட்டுகிறது, அதனால் எடுத்தேன் என்று காரணம் சொன்னார். தினம் 50,000 டாலர் சார்! எந்த பாலன்ஸ் ஷீட்டிலும் இந்த முடிவை எழுத ஒரு கட்டம் கிடையாது.

இன்னொருவர் ஜாஷ் வார்டில். வார்த்தை விளையாட்டுப் பிரியையான தன் துணைவிக்காக வேர்டில் என்ற புதிரைச் செய்து 2021 அக்டோபரில் ஊருக்கும் திறந்துவிட்டார். ஒரு நாளைக்கு ஒரே ஒரு வார்த்தை. கண்டுபிடித்தாலும் கோட்டை விட்டாலும் அன்றைக்குக் கடை சாத்தியாச்சு, நாளைக்குத்தான் அடுத்தது. உயிரும் விற்கவில்லை, தங்கக்கட்டியும் விற்கவில்லை. ஒரு சில மாதத்தில் லட்சக்கணக்கானவர்கள் ஆடினார்கள். 2022 ஜனவரியில் நியூயார்க் டைம்ஸ் விலை கொடுத்து வாங்கியது. தினம் ஒன்று என்ற வழக்கம் தொடர்கிறது. 2024-ல் பழைய புதிர்களைச் சந்தாதாரர்களுக்குத் திறந்துவிட்டார்கள். கம்பெனி என்றால் கம்பெனிதானே.

ஆட்டத்துக்கு அளவு வைப்பது நமக்கொன்றும் புதுசில்லை. வைகுண்ட ஏகாதசி ராத்திரி பரமபதம் ஆடுவார்கள். விடிய விடியத் தாயக்கட்டை உருளும், பெரிய பாம்பு கடித்துக் கீழே விழுந்தவர் மறுபடி ஏறுவார், யாரும் 'போய்ப் படு' என்று அதட்ட மாட்டார்கள். விடிந்ததும் பலகையைச் சுருட்டி வைத்துவிடுவார்கள். கண்விழித்து ஆட ஒரு ராத்திரி. மற்ற ராத்திரி தூங்குவதற்கு!

ஆட்டமே கடையைச் சாத்தாவிட்டால், சாத்துவதற்கு போலீஸ் வர வேண்டியிருக்கிறது. 2021-ல் சீனா, 18 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்கள் வெள்ளி, சனி, ஞாயிறு, விடுமுறை நாட்களில் ராத்திரி எட்டிலிருந்து ஒன்பது வரை மட்டும்தான் ஆன்லைன் கேம் ஆடலாம் என்று உத்தரவு போட்டது. நம் தமிழ்நாட்டில் ஆன்லைன் ரம்மியில் பணத்தை விட்டு, கடைசியில் உயிரையும் விட்டவர்களின் செய்திகளை வருஷக்கணக்கில் படித்தோம். 2022-ல் சட்டம் வந்தது. 2023-ல் உயர் நீதிமன்றம், ரம்மி திறமை விளையாட்டு, அதைத் தடை செய்ய முடியாது, ஒழுங்குபடுத்தலாம் என்றது. 2025 பிப்ரவரியில் நள்ளிரவு 12 மணியிலிருந்து காலை 5 மணி வரை பணம் கட்டி ஆடக் கூடாது என்று விதி வந்தது. கம்பெனிகள் வழக்குப் போட்டன. ஜூனில் விதி செல்லும் என்று தீர்ப்பானது. ஆகஸ்டில் பாராளுமன்றம் பணம் கட்டி ஆடும் ஆன்லைன் கேம்களையே மொத்தமாகத் தடை செய்து சட்டம் போட்டது.

மிட்டாய் அந்தச் சட்டத்தில் மாட்டாது. ஏனென்றால் அதில் ஜெயித்தாலும் காசு வராது. போகத்தான் போகும்!

இது கேமோடு நிற்கிற விஷயமும் இல்லை. 2006-ல் ஏஸா ரஸ்கின் என்ற டிசைனர், அடுத்த பக்கத்துக்கு கிளிக் செய்யத் தேவையில்லாமல் கீழே தள்ளத் தள்ள வந்துகொண்டே இருக்கும் முறையை உருவாக்கினார். பிற்பாடு அதற்காகப் பகிரங்கமாக வருத்தப்பட்டார். செய்தி, வீடியோ, பக்கத்து வீட்டுக்காரர் மூணாறு போன போட்டோ, எல்லாமே இன்று அப்படித்தான் வருகின்றன. எதற்கும் கடைசிப் பக்கம் கிடையாது.

அதனால் ஒரு சின்ன யோசனை. அடுத்தமுறை ஒரு கேமையோ ஆப்பையோ இறக்கும்போது எத்தனை ஸ்டார், எத்தனை எம்.பி. என்று பார்ப்பதோடு ஒரு கேள்வியும் கேளுங்கள். 'இது எப்போது என்னைப் போகச் சொல்லும்?' பதில் இல்லாவிட்டால் அந்த வேலையை உங்கள் வீட்டில் யாராவது செய்ய வேண்டியிருக்கும். ராத்திரி பன்னிரண்டு மணிக்குப் பிள்ளை கையிலிருந்து போனைப் பிடுங்குகிற அம்மாவுக்கு அது தெரியும்.

எனக்குப் பிரச்னை இல்லை. எடிட்டர் கொடுத்த இடம் இந்த வரியோடு தீர்ந்தது. கேம் ஓவர்.