படகுக் கணக்கும் பிரமாணப் பத்திரமும்

பிரிந்த பிறகு நடக்கும் ஜீவனாம்ச வழக்கில் முக்கால்வாசிச் சண்டை, 'அவருக்கு என்ன வருமானம்' என்ற ஒரே கேள்விக்குத்தான். இந்தக் கண்ணாமூச்சிக்கு முடிவு கட்ட 2020 நவம்பர் 4 அன்று, ரஜ்னேஷ் எதிர் நேஹா வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒரு முறையை வகுத்தது. இரு தரப்பும் சொத்து, வருமானம், கடன் விவரங்களைப் பிரமாணப் பத்திரமாகத் தர வேண்டும். எதிர்மனுதாரருக்கு நான்கு வாரம் அவகாசம். அதற்காக இரண்டு வாய்தாவுக்கு மேல் கிடையாது. தொகையும் மனுப் போட்ட நாளிலிருந்தே சேரும். இந்தக் கடைசி விதியை நான் பெரிதாக மதிக்கிறேன். வழக்கை இழுத்தடித்தால் லாபம் என்ற நிலையை அது மாற்றியது.

ஆனால் சென்னைக் காசிமேட்டு மீனவர் கையில் இந்தப் பத்திரத்தைக் கொடுத்தால் என்ன எழுதுவார்? தீர்ப்போடு இணைந்த படிவங்கள் மூன்று. விவசாயிகளுக்கு ஒன்று, மற்றவர்களுக்கு ஒன்று, மேகாலயாவுக்குத் தனியே ஒன்று. மீன்பிடிப்பவர் அந்த 'மற்றவர்களில்' அடங்கிவிடுகிறார்.

விசைப்படகில் தங்கலுக்கு, அதாவது பல நாள் கடலிலேயே தங்கி மீன் பிடிக்க, போகிறவருக்குச் சம்பளச் சீட்டு கிடையாது. படகு கரை சேர்ந்து, மீன் ஏலம் போய், டீசல், ஐஸ், சாப்பாட்டுச் செலவு கழிந்தபின் மிஞ்சியதில்தான் பங்கு. ஒரு தங்கலில் கை நிறைய வரும். அடுத்ததில் டீசல் காசுக்கே கட்டாது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் அந்தப் பங்கும் இல்லை. அரசின் 8,000 ரூபாய் நிவாரணம்தான். அதுவும் குடும்பத்துக்கென்று வருவது. குடும்பம் இரண்டாகிவிட்டால் அது யாருக்கு? நல்ல மாதத்தை வைத்துத் தொகை நிர்ணயித்தால் தடைக்காலத்தில் பாக்கி விழும். வாரண்ட் வரும், ஒரு மாதம் வரை சிறையும் உண்டு. மோசமான மாதத்தை வைத்தால் பிள்ளைகளுக்கு வருஷம் முழுக்க அரை வயிறு.

இதைவிடப் பெரிய ஓட்டை ஒன்று இருக்கிறது. அன்றாடக் கூலிகளும் வறுமைக்கோட்டுக்குக் கீழுள்ளவர்களும் பத்திரமே தர வேண்டாம் என்று அதே தீர்ப்பு விலக்கு தருகிறது. ஏழைக்குக் காகிதச் சுமை வேண்டாம் என்ற நோக்கம் நியாயமானது. ஆனால் 'நான் கூலி ஆள்' என்று சொல்லிவிட்டால் கணக்கே காட்டாமல் நழுவலாம். மனைவி மீன் விற்பதோ ஊரறிய நடப்பது. 'அவளுக்கென்ன, தினம் காசு பார்க்கிறாள்' என்று சொல்லிவிடுவது சுலபம்.

2024 ஜூலை 1 முதல் ஜீவனாம்சத்துக்கான பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125-ஆவது பிரிவின் இடத்துக்குப் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 144-ஆவது பிரிவு வந்திருக்கிறது. எண் மாறியதைக் கண்டு பயப்பட வேண்டாம். சாரம் பெரும்பாலும் பழையதுதான். இடைக்காலத் தொகை மனுவை நோட்டீஸ் சேர்ந்த 60 நாளுக்குள் இயன்றவரை முடிக்க வேண்டும் என்பதும் தொடர்கிறது.

தயாராக வேண்டியது வேறு இடத்தில். தங்கல் முடிந்ததும் படகுக்காரர் போடும் கணக்கு நோட்டுதான் இங்கே சம்பளச் சீட்டு. கிடைக்கிற பக்கத்தைப் போட்டோ எடுத்து வையுங்கள். கிடைக்காவிட்டால் படகுக்காரரைச் சாட்சியாக அழைக்கும்படி கேளுங்கள். வழக்கைத் தீர்க்க உதவும் எந்த ஆவணத்தையும், சாட்சியச் சட்டத்தின் கெடுபிடி பார்க்காமல் ஏற்க 1984-ஆம் ஆண்டுக் குடும்ப நீதிமன்றச் சட்டத்தின் 14-ஆவது பிரிவு இடம் தருகிறது. பெண்களுக்கு, வருமானம் எவ்வளவானாலும், இலவச வக்கீல் உதவி உண்டு. பாக்கி விழுந்தால் ஒரு வருடத்துக்குள் மனுப் போட்டுவிடுங்கள். தாண்டினால் அந்தப் பாக்கிக்கு வாரண்ட் கேட்க முடியாது.

படிவத்தைத் தேவைக்கேற்ப மாற்றிக்கொள்ளும் அதிகாரத்தை அந்தத் தீர்ப்பே கீழ் நீதிமன்றங்களுக்குக் கொடுத்திருக்கிறது. உயர் நீதிமன்ற வளாகத்தில் இயங்கும் சென்னைக் குடும்ப நீதிமன்றங்கள் அதைப் பயன்படுத்த வேண்டும். பங்கு எவ்வளவு, ஒரு வருடத்தில் எத்தனை தங்கல், தடைக்காலத்தில் என்ன வருமானம் என்று படிவத்தில் கேளுங்கள். வருட வருமானத்தைப் பார்த்து, மீன்பிடி மாதங்களுக்கு ஒரு தொகை, தடைக்காலத்துக்கு ஒரு தொகை என்று உத்தரவு போடுங்கள்.