குவிமாடம் இல்லாத பள்ளிவாசல்

டாக்காவின் ஃபைதாபாத்தில் உள்ள பைத்துர் ரவூஃப் பள்ளிவாசலுக்குக் குவிமாடமும் இல்லை, மினாராவும் இல்லை. சுவரெல்லாம் செங்கல். தன் பாட்டி கொடுத்த நிலத்தில் கட்டடக் கலைஞர் மரினா தபஸ்ஸும் 2012இல் கட்டி முடித்தது.

மனை கிப்லாவுக்கு, அதாவது தொழும் திசைக்கு, நேராக அமையவில்லை. 13 பாகை விலகல். அவர் வெளியே ஒரு சதுரம் எழுப்பி, அதனுள் வட்டம் வைத்து, வட்டத்துக்குள் தொழுகைக்கூடத்தை மட்டும் திருப்பிவிட்டார். கோணல் மனைதான் இந்த அழகுக்கே காரணம்!

கூரையின் சிறு வட்டத் துளைகள் வழியே விழும் வெயில் தரையில் காசு இறைத்தாற்போல் கிடக்கிறது, பொழுதோடு நகர்கிறது. கிப்லாச் சுவரில் நெட்டுக்குத்தாக ஒரு பிளவு, அதில் வெளிச்சம். இடைவெளி விட்டு அடுக்கிய செங்கற்கள் காற்றை உள்ளே விடுகின்றன.

2016இல் ஆகா கான் கட்டடக்கலை விருது வந்தது. பள்ளிவாசலின் உயர்த்திய மேடையில் பிள்ளைகள் விளையாட, பெரியவர்கள் பாங்கொலிக்குக் காத்திருந்தபடி கதை பேசுகிறார்கள்.